கையடக்கப் படக்கருவி: ஓர் ஆசிரியரின் பட்டறிவு



பள்ளி நிகழ்ச்சிகளில் என் தோளில் தொங்கும் சிறிய கறுப்புப் படக்கருவியைப் பார்ப்பவர்கள், "சார், இது என்ன கேமரா? வாங்கலாமா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. நிகழ்ச்சிக்கு நடுவே நின்றுகொண்டு இரண்டு வரியில் எதையாவது சொல்லி நகர்ந்துவிடுவேன். அந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் எழுதவேண்டும் என்று பல நாள்களாக எண்ணியிருந்தேன். எனது அனுபவத்தோடு, இதே கருவியை வைத்திருக்கும் வேறு மூவரின் அனுபவத்தையும் கேட்டு இங்கே எழுதியிருக்கிறேன். இறுதியில், இந்தக் கருவியால் நான் செய்த ஒரு பிழையையும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறேன். வாங்க நினைப்பவர்கள் அந்தப் பகுதியையும் அவசியம் படிக்க வேண்டுகிறேன்.

ஏன் சிறிய கருவி?

எங்கள் பள்ளியில் ஏற்கனவே ஒரு பெரிய படக்கருவி உண்டு. வில்லையைச் சேர்த்தால் ஒரு கிலோவுக்கு மேல் எடை. அது அலுவலக அலமாரியில் பூட்டப்பட்டிருக்கும். விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா, பிரமுகர் வருகை ஆகிய நாள்களில் மட்டும் வெளியே வரும். ஆகவே எங்கள் பள்ளியின் பத்தாண்டுப் படங்களைப் புரட்டினால் மேடை, மாலை, பொன்னாடை, பதாகை ஆகியவையே நிறைந்திருக்கும். ஒரு மாணவி முதன்முறையாக உயிர்மெய் எழுத்தைத் தடுமாறாமல் வாசித்த காலைப்பொழுது அங்கே இராது. மழைக்கு ஒதுங்கி நடைபாதையில் பல்லாங்குழி ஆடிய பிள்ளைகள் இருக்கமாட்டார்கள். கைப்பேசி இருக்கிறதே என்பீர்கள். உண்மைதான். ஆனால், மங்கலான வகுப்பறையில் ஓடியாடும் பிள்ளையைக் கைப்பேசியில் பிடித்தால் பெரும்பாலும் கலங்கலான உருவமே கிடைக்கும். பெரிய அளவில் அச்சிட்டுச் சுவரில் மாட்ட அது போதாது.

அப்போதுதான் என் முன்னாள் மாணவர் ஒருவர், தாம் பயன்படுத்திய சோனி ஆல்பா 7சி கருவியை விற்கப் போவதாகச் சொன்னார். அவர் திருமணப் படங்கள் எடுப்பவர். என் ஒரு மாதச் சம்பளத்தைவிடச் சற்றுக் குறைவான விலைக்கு அதை வாங்கினேன். வீட்டில் கிடைத்த அர்ச்சனையை இங்கே எழுதப்போவதில்லை!

கண்ணாடி இல்லை என்றால் என்ன பொருள்?

பழைய வகைத் தொழில்முறைக் கருவிகளில் வில்லைக்குப் பின்னால் சாய்வாக ஒரு கண்ணாடி இருக்கும். வில்லை வழியே வரும் ஒளியை அது மேல்நோக்கித் திருப்பிக் காண்குழிக்கு அனுப்பும். விசையை அழுத்தும்போது கண்ணாடி மேலே எழும்பும். ஒளி பின்னாலுள்ள உணரியில் விழும். "டப்" என்று நாம் கேட்கும் ஓசையில் பெரும்பகுதி அந்தக் கண்ணாடி எழும்பும் ஓசைதான்.

'மிரர்லெஸ்' கருவியில் அந்தக் கண்ணாடியே இல்லை. ஒளி நேராக உணரியில் விழுகிறது. உணரி காண்பதைச் சிறிய மின்திரை ஒன்று காண்குழிக்குள் காட்டுகிறது. இதனால் இரண்டு நன்மைகள். கண்ணாடிக்கு இடம் தேவையில்லை என்பதால் கருவி சிறுக்கிறது. அத்துடன், எடுக்கப்போகும் படம் எவ்வளவு வெளிச்சமாக வரும் என்பதை விசையை அழுத்துவதற்கு முன்னரே கண்ணால் பார்த்துவிடலாம். இந்த இரண்டாவது நன்மைதான் நம் பள்ளிகளுக்குப் பெரிதும் உதவுவது. ஏன் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

ஆல்பா 7சி 2020ஆம் ஆண்டு செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. மின்கலமும் நினைவட்டையும் சேர்த்து 509 கிராம். அதாவது அரைக் கிலோ. அதற்கு முன் 2018இல் வந்த ஆல்பா 7 III 650 கிராம் எடையுள்ளது. எடை குறைந்தாலும் உணரியின் அளவு குறையவில்லை. பழைய 35 மில்லிமீட்டர் படச்சுருளின் ஒரு சட்டத்தைப் போன்ற முழு அளவு உணரி, 24.2 மெகாபிக்சல், கை நடுக்கத்தை ஈடுசெய்யும் அமைப்பும் உடலுக்குள்ளேயே உண்டு. மின்கலம் ஒருமுறை மின்னேற்றினால் ஏறத்தாழ 700 படங்கள் என்பது அளவீடு. விளையாட்டுப் போட்டி நாளில் தொடர்ச்சியாக எடுத்தபோது ஆயிரத்தைத் தாண்டியும் தாக்குப்பிடித்தது.

எனக்கு மிகவும் பிடித்தது பக்கவாட்டில் திறந்து திரும்பும் திரை. ஆண்டு 1 பிள்ளைகளை நின்றபடியே எடுத்தால் உச்சந்தலைதான் தெரியும். அவர்களின் கண் உயரத்துக்குக் குனிய என் முதுகு ஒத்துழைப்பதில்லை. இப்போது கருவியை இடுப்பளவில் பிடித்து, திரையை மேல்நோக்கித் திருப்பிப் பார்த்தே எடுத்துவிடுகிறேன்.

மற்றவர்கள் சொன்னவை

கருவியை எனக்கு விற்ற மாணவரிடம், "இவ்வளவு நல்ல கருவியை ஏன் விற்றாய்?" என்று கேட்டேன். "ஐயா, இதில் நினைவட்டைக்கு ஒரே ஓர் இடம்தான் உண்டு. தாலி கட்டும் நொடி திரும்ப வராது. அட்டை பழுதாகிவிட்டால் மணமக்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? இரண்டு அட்டைகளில் ஒரே நேரத்தில் பதிவாகும் கருவிதான் எனக்கு முதன்மைக் கருவியாக இருக்க முடியும்" என்றார். தொழில் செய்பவரின் நியாயமான அச்சம் அது. முன்புறச் சுழல்வட்டும், குவியப் புள்ளியை நகர்த்தும் சிறு கோலும் இல்லாதது அவசர வேளைகளில் கையைக் கட்டிப்போட்டது போல் இருந்ததாகவும் சொன்னார். 2023இல் வந்த 7சி II கருவியில் முன்புறச் சுழல்வட்டு சேர்ந்தது. உணரியும் 33 மெகாபிக்சலாக உயர்ந்தது. நினைவட்டைக்கு அதிலும் ஓரிடமே. வகுப்பறை ஆசிரியருக்கு இது பெருங்குறையன்று. பிற்பகலில் அட்டையை மாற்றுவதும் அன்றைய படங்களை அன்றே கணினிக்கு மாற்றுவதும் பழக்கமாகிவிட்டால் போதும்.

இரண்டாமவர் ஜொகூரில் குடியிருந்து சிங்கப்பூருக்கு நாள்தோறும் வேலைக்குச் சென்றுவரும் என் கல்லூரித் தோழி. விடியற்காலையில் பாலத்தைக் கடக்க வரிசையில் நிற்பவருக்கு ஒவ்வொரு கிராமும் கணக்குத்தான். "முன்பிருந்த பெரிய கருவி வீட்டு அலமாரியில் இருந்தது. இது என் கைப்பையில் இருக்கிறது. அவ்வளவுதான் வேறுபாடு" என்றார். கண்ணாடி அணிபவர் என்பதால் காண்குழி மட்டும் அவருக்குச் சிறிதாகத் தோன்றுகிறதாம். மூலையில் தெரியும் எழுத்துகளைப் படிக்கக் கண்ணை உருட்ட வேண்டியிருக்கிறது என்று சிரித்தார். கண்ணாடி அணிபவர்கள் வாங்குமுன் கடையில் ஒருமுறை கண்ணில் வைத்துப் பார்ப்பது நலம்.

மூன்றாமவர் என் மாணவி ஒருத்தியின் தந்தை. வார இறுதிகளில் பறவைகளைப் படமெடுக்கச் செல்பவர். நீண்ட வில்லையைப் பொருத்தினால் இந்தச் சிறிய உடல் சமநிலையில் நிற்பதில்லை, சுண்டுவிரல் பிடிமானமின்றித் தொங்குகிறது என்பது அவர் குறை. அடியில் ஓர் உலோகத் தகடு பொருத்திச் சமாளிக்கிறார். உடலை மட்டும் சிறிதாக்கலாம். பறவையை அருகில் காட்டும் வில்லையைச் சிறிதாக்க இயலாதே! சிறிய கருவிக்குச் சிறிய வில்லைதான் பொருத்தம்.

வில்லையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இதனோடு சேர்த்து விற்கப்பட்ட 28-60 மில்லிமீட்டர் வில்லை 167 கிராம்தான். வெளியில் எடுக்க மிகவும் வசதி. ஆனால் வகுப்பறைக்குள் ஒளி போதாது. பின்னர் 35 மில்லிமீட்டர் வில்லை ஒன்றை வாங்கினேன். அதன் துளையை எஃப் 1.8 வரை திறக்கலாம். எஃப் 5.6 துளையோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 10 மடங்கு ஒளி உள்ளே வருகிறது. மழைநாள் வகுப்பறையில் இதன் அருமை தெரியும்.

நான் செய்த பிழைகள்

முதற்பிழை, ஓசையற்ற விசையை எல்லா இடத்திலும் பயன்படுத்தியது. கதை சொல்லும் போட்டியில் மாணவர்களின் கவனம் சிதறாமல் இருக்கட்டும் என்று அதைத் தேர்ந்தெடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் படங்கள் முழுவதும் குறுக்குக் கோடுகள்! பிறகுதான் காரணம் புரிந்தது. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது. மண்டபத்து விளக்குகள் பல, அதற்கேற்ப நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. நம் கண்ணுக்கு அது தெரிவதில்லை. ஓசையற்ற முறையில் உணரி வரிவரியாகப் படத்தைப் படிக்கிறது. ஒரு வரி விளக்கு மங்கிய கணத்திலும் அடுத்த வரி ஒளிர்ந்த கணத்திலும் பதிவாவதால் கோடுகள் விழுகின்றன. விசையின் வேகத்தை 1/100 அல்லது 1/50 நொடியில் வைத்தால் கோடுகள் பெரும்பாலும் மறைந்துவிடும். சிலம்பாட்டத்தையும் இதே முறையில் எடுத்துப் பார்த்தேன். நேரான கம்பு வில்லாக வளைந்து வந்தது! வரிவரியாகப் படித்து முடிப்பதற்குள் கம்பு நகர்ந்துவிடுவதே காரணம். வேகமான அசைவுகளுக்கு ஓசையுள்ள விசையே ஏற்றது.

இரண்டாம் பிழை பழையது. முன்பு வைத்திருந்த ஒரு வில்லையைத் தோல் பையில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டேன். சில மாதங்களில் கண்ணாடிக்குள் சிலந்தி வலை போல் பூஞ்சை படர்ந்துவிட்டது. நம் ஊர் ஈரக்காற்றுக்கு இது வழக்கமான கதை. ஈரத்தைக் கட்டுப்படுத்தும் மின்பெட்டி விலை அதிகம் என்று எண்ணுபவர்கள், காற்றுப் புகாத நெகிழிப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு வைக்கலாம். சிறிய ஈரமானி ஒன்றை உள்ளே வைத்து, 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைச் சட்டையும் நம் பிள்ளைகளின் முகமும்

பள்ளி ஆண்டிதழ்களைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. சீருடைகள் பளிச்சென்று தெரியும். பிள்ளைகளின் முகங்கள் இருண்டிருக்கும். "நம்ம பிள்ளைங்க கறுப்பு, அப்படித்தான் விழும்" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போவோம். சிலர் முகத்தை வெளுக்கச் செய்யும் செயலிகளில் போட்டு, யாருடைய பிள்ளையோ என்று எண்ணும்படி ஆக்கிவிடுவார்கள்.

பிழை பிள்ளைகளின் நிறத்தில் இல்லை; படம் எடுத்தவரிடம் இருக்கிறது. எதிரில் உள்ள காட்சியின் சராசரி ஒளி நடுத்தரச் சாம்பல் நிறம் என்று கொண்டே ஒளிமானி கணக்கிடுகிறது. வெள்ளைச் சட்டை அணிந்த இருபது பேர் வரிசையாக நின்றால், 'வெளிச்சம் மிகுதி' என்று முடிவு செய்து முழுப் படத்தையும் இருட்டாக்கிவிடுகிறது. சட்டை தப்பிக்கிறது, முகம் இருள்கிறது. ஒளி ஈடு என்னும் சுழல்வட்டை ஒரு படியோ முக்கால் படியோ கூட்டினால் முகம் அதன் இயல்பான நிறத்தில், அதன் பொலிவோடு விழும். கண்ணாடியில்லாக் கருவியில் அந்த வட்டைத் திருகத் திருக முகம் தெளிவதைக் காண்குழியிலேயே பார்க்கலாம் என்பதால்தான், அந்த நன்மை நமக்குப் பெரிதும் உதவுவது என்று மேலே சொன்னேன். இதைக் கற்றுக்கொண்ட பிறகு எடுத்த வகுப்புப் படத்தைப் பார்த்து, "ஐயா, நான் இதுல நான் மாதிரியே இருக்கேன்" என்றாள் ஒரு மாணவி. அதைவிட நல்ல பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

ஊக்கு

இனி, நான் சொல்லத் தயங்கிய செய்திக்கு வருகிறேன்.

தமிழ்மொழி வாரத்தில் ஆண்டு 5 மாணவன் ஒருவன் கதை சொன்னான். வழக்கமாகப் பின்வரிசையில் அமைதியாக இருப்பவன். அன்று நரியாகவும் காகமாகவும் மாறி மாறிப் பேசி வகுப்பையே சிரிக்க வைத்தான். சன்னல் ஒளி அவன் முகத்தில் விழுந்தது. இந்தக் கருவி மனிதக் கண்ணைத் தானே கண்டுபிடித்துக் குவியத்தை அங்கே நிறுத்திக்கொள்ளும். கையிரண்டையும் சிறகாக விரித்து அவன் நின்ற கணத்தை எடுத்தேன். நான் எடுத்த படங்களில் அதுவே சிறந்தது என்று இன்றும் சொல்வேன். மகிழ்ச்சி தாங்காமல், முழு அளவிலேயே வகுப்புப் பெற்றோர்களின் புலனக் குழுவில் அனுப்பிவிட்டேன்.

பாராட்டுகள் வரிசையாக வந்தன. இரவில் ஒருவர், நல்ல எண்ணத்தோடுதான், இப்படி எழுதினார்: "பிள்ளையின் சட்டையில் பொத்தான் இல்லை, ஊக்கு குத்தியிருக்கிறது. நாம் எல்லாரும் சேர்ந்து புதுச் சீருடை வாங்கிக் கொடுக்கலாமா?" இன்னும் இருவர் பணம் தருவதாக எழுதினார்கள். நான் படத்தைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். ஆம், நெஞ்சுக்கு நடுவே ஒரு சிறிய ஊக்கு. அவ்வளவு துல்லியமாக, அதன் முனைகூடத் தெரிந்தது. வகுப்பில் அவனுக்கு எதிரே நின்ற என் கண்ணுக்குப் படாத ஊக்கு அது.

மறுநாள் காலை, சபைகூடலுக்கு முன் அவன் தாயார் பள்ளிக்கு வந்தார். தொழிற்சாலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. வேலை முடிந்து நேராக வந்திருக்கிறார்.

"சார், படம் ரொம்ப நல்லா இருக்கு. ஆனா எடுத்துடுங்க சார்" என்றார். நான் ஏதோ சொல்லத் தொடங்குமுன் தொடர்ந்தார். "பட்டன் அன்னிக்குக் காலையிலதான் அறுந்துச்சு. எனக்கு நைட் ஷிப்ட்டு. அவனே தேடி ஊக்கு குத்திக்கிட்டு வந்திருக்கான். பள்ளிக்கூடம் போவணும்னு வந்திருக்கான் சார். காசு சேர்த்துக் குடுக்கிறோம்னு எழுதுறாங்க. நாங்க யார்கிட்டயும் கேக்கலியே."

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும். மன்னிப்புக் கேட்டேன். படத்தைக் குழுவிலிருந்து நீக்கினேன். ஆனால் எத்தனை கைப்பேசிகளில் அது இறங்கியிருக்கும் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அதன்பிறகு அந்த மாணவன் என்னைக் கருவியோடு பார்த்தால் வலக்கையை நெஞ்சில் வைத்துக்கொள்வான். அவன் அறிந்து செய்தானா, அறியாமல் செய்தானா தெரியாது. ஒரு நாள் அந்த ஆண்டுப் படங்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். ஏறத்தாழ 1,400 படங்கள். அவன் முகம் தெரியும் படங்கள் இரண்டே இரண்டு. இன்னொன்றும் அப்போது கண்ணில் பட்டது. முன்வரிசையில் அமர்ந்து துறுதுறுவென்று இருக்கும் நான்கைந்து பிள்ளைகளே திரும்பத் திரும்ப வந்திருந்தார்கள். கருவி அருகிலுள்ள முகத்தைப் பிடித்துக்கொண்டது. நானும் அது காட்டிய முகத்தையே எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். எந்தப் பிள்ளையைப் பார்க்கவேண்டும் என்று முடிவு செய்ய வேண்டியவன் ஆசிரியன்தானே?

அவன் எடுத்த படங்கள்

பள்ளித் துப்புரவுப் பணி நாளன்று, என் கை முழுதும் சாயமாக இருந்தது. அவன் அருகில் நின்றான். "இதைக் கொஞ்ச நேரம் வைத்திரு. வேண்டுமானால் நீயே எடு" என்று வாரை அவன் கழுத்தில் மாட்டினேன். எங்கள் பள்ளியின் பெரிய கருவியாக இருந்திருந்தால் பத்து வயதுப் பிள்ளையின் கழுத்தில் மாட்டியிருக்கமாட்டேன். இது அரைக் கிலோதான். அவன் கைக்குள் அடங்கியது.

ஒரு மணி நேரத்தில் 41 படங்கள் எடுத்திருந்தான். துப்புரவுப் பணியாளர் அக்காவின் கைகள், மாமரத்தடியில் குவிந்த சருகு, சாயத் தகரத்தில் மிதந்த தூரிகை, நண்பர்களின் சிரிப்பு. தொலைவிலிருந்து பார்த்தேன். ஒவ்வொருவரிடமும் சென்று, "எடுக்கவா?" என்று கேட்டுவிட்டே எடுத்தான். 'வேண்டாம்' என்று தலையாட்டியவர்களை விட்டுவிட்டு நகர்ந்தான். யாரும் அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒருவகையில், நான்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் என்பது பிறகே எனக்கு உறைத்தது.

கருவியைத் திருப்பிக் கொடுக்கும்போது கடைசிப் படத்தைக் காட்டினான். நான் சுவருக்குச் சாயம் அடித்துக்கொண்டிருக்கிறேன். சட்டைப் பையில் எழுதுகோல் கசிந்து பெரிய நீலக் கறை. காலையிலிருந்து நான் அதைக் கவனிக்கவில்லை.

"ஐயா, இதுல உங்க சட்டையில கறை தெரியுது. அழிச்சிடவா?" என்று மெதுவாகக் கேட்டான்.

அந்தப் படத்தை நான் அழிக்கச் சொல்லவில்லை. இன்றும் வைத்திருக்கிறேன். ஆனால், அழிக்கவா என்று என்னிடம் கேட்ட அந்தக் கேள்வியை நான் அவனிடம் கேட்காமல் போனதுதான் இன்றும் உறுத்துகிறது.

அன்று முதல் வகுப்பின் படப்பிடிப்பாளன் அவனே. நெஞ்சில் கை வைக்கும் பழக்கம் சிறிது சிறிதாக நின்றது. கருவியைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டுமே!

இப்போது நான் கடைப்பிடிப்பவை

1. ஆண்டுத் தொடக்கத்திலேயே, பிள்ளையின் படம் எடுக்கலாமா, எங்கெல்லாம் பகிரலாம் என்று பெற்றோரிடம் எழுத்து வழி கேட்டுவிடுகிறேன். மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டது. அது வணிகப் பரிமாற்றங்களுக்கானது. வகுப்புப் புலனக் குழுவை அது கட்டுப்படுத்துமா என்று வாதிட்டுக்கொண்டிருப்பதைவிட, கேட்டுவிடுவது எளிது, மரியாதையும்கூட.

2. பகிருமுன் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி நான்கு மூலையும் பார்க்கிறேன். கிழிந்த காலணி, மதிப்பெண் தெரியும் தாள், கரும்பலகையில் எழுதிய பெயர் ஆகியவற்றை நாம் கவனிக்காவிட்டாலும் வேறொருவர் கவனிப்பார்.

3. குழுவில் அனுப்பும்போது சிறிய அளவில் அனுப்புகிறேன். முழு அளவுப் படம் அந்தப் பிள்ளையின் பெற்றோருக்கு மட்டும்.

4. மாதம் ஒருமுறை பெயர்ப் பட்டியலை வைத்து எண்ணிப் பார்க்கிறேன். எந்தப் பிள்ளையின் படம் இல்லையோ, அடுத்த வாரம் அந்தப் பிள்ளையிடம் செல்கிறேன். படம் எடுக்கப் போவதற்கு முன், பேசப் போகிறேன்.

5. பிள்ளை வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பெற்றோர் ஒப்புதல் தந்திருந்தாலும்.

வாங்கலாமா?

தொடக்கக் கேள்விக்கு வருகிறேன். திருமணத் தொழில் செய்பவராயின் இரண்டு நினைவட்டைகள் கொண்ட கருவியை நாடுங்கள். பறவைகளைத் தேடிச் செல்பவராயின் பிடிமானம் பெரிதாக உள்ளதைப் பாருங்கள். வகுப்பறையிலும் வீட்டிலும் நாள்தோறும் உடன் வைத்திருக்க வேண்டும் என்றால் இது நல்ல கருவி. புதிய பதிப்பு வந்துவிட்டதால், பயன்படுத்திய நிலையில் வாங்குவதே என் பரிந்துரை. வாங்குமுன் உணரியில் கீறல் உண்டா, வில்லையில் பூஞ்சை உண்டா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

அந்த மாணவன் ஆண்டு 6 முடித்து இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற வேளையில், கதை சொன்ன படத்தை அச்சிட்டுத் தர விரும்பினேன். முழுப் படத்தின் அளவு 6000 பெருக்கல் 4000 புள்ளிகள். நான்குக்கு ஆறு அங்குல அச்சுக்கு 1800 பெருக்கல் 1200 புள்ளிகளே போதும். ஆகவே ஊக்கு தெரியாதபடி தோளுக்கு மேல் வெட்டி எடுத்தாலும் தெளிவு குறையவில்லை. அப்படியே அச்சிட்டு, உறையிலிட்டுத் தாயாரிடம் கொடுத்தேன்.

நீண்ட நேரம் பார்த்தார். "நல்லா இருக்கு சார்" என்றார். பிறகு, "அந்த முழுப் படமும் இருக்கா சார்?" என்று கேட்டார்.

இருக்கிறது, யாருக்கும் அனுப்பவில்லை என்றேன்.

"அதுவும் ஒண்ணு கழுவிக் குடுங்க. ஊக்கோட இருக்கிறது. அது எங்க வீட்டுக்கு."

அடுத்த வாரம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு கைகளையும் சிறகாக விரித்து, நெஞ்சில் ஊக்கோடு, அவன் அவர்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறான். அது இருக்கவேண்டிய இடமும் அதுதான்.